நூறு வோன் பூட்ஸ்

சந்தூ கம்போடியாவில் தாக்கேவ் பக்கத்துப் பெண். தென் கொரியாவுக்கு வேலைக்கு வந்த முதல் மாதத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு அவள் சொன்ன பெரிய செய்தி, "இங்க பூட்ஸ் ரொம்ப மலிவும்மா, நூறு வோன்தான்" என்பது. நூறு வோனுக்கு அந்த நாட்டில் ஒரு மிட்டாய்கூட வராது. அது தெரியாத அம்மா, "அப்ப வரும்போது நம்ம தெருவுக்கே வாங்கிட்டு வந்துடு" என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

நடந்தது இதுதான். மிர்யாங் பள்ளத்தாக்கில் அவளை வேலைக்கு எடுத்த முதலாளியம்மா ஒக்சுன், ஒரு ஜோடி புது ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். "நூறு வோன் எடு." சந்தூவிடம் ஒரு நாணயம் இருந்தது. கொடுத்தாள். முதலாளியம்மா அதைப் பெரிய வியாபாரம் முடிந்தவள் மாதிரி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

உடன் வேலை செய்த மாலிஸ்தான் பிறகு விளக்கினாள். அவளும் கம்போடியாக்காரிதான். வயதில் இளையவள், அந்தத் தோட்டத்தில் மூத்தவள்.

"அது விலை இல்லக்கா. ஓசியில ஷூ குடுத்தா, வாங்கினவங்க நம்மள விட்டுப் போயிடுவாங்கன்னு இந்த ஊர்ல நினைக்கிறாங்க. ஒரு காசு வாங்கிட்டா, கடையில வித்த மாதிரி ஆயிடுமாம். எனக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேருக்கு ஓசியிலயே குடுத்தாங்களாம். பூட்ஸ் தேயறதுக்குள்ள ரெண்டு பேரும் கம்பி நீட்டிட்டாங்க."

"அந்தக் காசுக்கா நம்ம இங்க நிக்கிறோம்?"

"நிக்கிறோமா இல்லையா?" என்றாள் மாலிஸ்.

சந்தூ நின்றாள். சந்தோஷமாகவே நின்றாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டு வேலை என்றதும் ஒப்பாரியை எதிர்பார்க்கும் ஆட்கள் உண்டு. அங்கே விளைந்தது கென்னிப் இலை. கொரியர்கள் சுட்ட பன்றிக்கறியை அதில் சுருட்டி வாயில் போட்டுக்கொள்வார்கள். பார்க்க வெற்றிலைக்குத் தங்கை மாதிரி இருக்கும். வெற்றிலையைக் கவுளி கட்டுவதுபோல அதையும் ஒரே அளவாகப் பறித்து, பத்து பத்தாக அடுக்கிக் காம்பில் கட்ட வேண்டும். சந்தூவின் கை அதற்கென்றே பிறந்த கை. கண் அடுத்த செடியில் இருக்கும், வாய் பாடிக்கொண்டிருக்கும், விரல் தானாக அடுக்கிக்கொண்டே போகும். புனோம் பென்னில் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்த காலத்தில் மேற்பார்வைக்காரன் வாயைத் திறக்க விடமாட்டான். இங்கே பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தொண்டை கிழியப் பாடலாம். முதலாளியம்மா வெளியிலிருந்து, "செடி பயந்து சாகுது, நிறுத்துடி!" என்று கத்துவாள். அதோடு சரி.

ராத்திரியானால் அந்தக் கூடாரங்களுக்குள் விளக்குப் போடுவார்கள். இருட்டிவிட்டது என்று தெரிந்தால் செடி பூத்துவிடும், பூத்தால் இலை போயிற்று. எனவே பள்ளத்தாக்கு முழுக்க விடிய விடிய மஞ்சளாக எரியும். "பாவம், இதுங்களையும் தூங்க விடாம ஏமாத்துறாங்க" என்று சந்தூ செடிகளுக்காகப் பரிதாபப்படுவாள். தனக்காகப் பரிதாபப்பட அவளிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதன் பெயர் விராக்.

விராக் அவள் புருஷன். புனோம் பென்னில் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படித்த வகுப்பில், அவளுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து மறைத்தவன். நகரச் சொல்லித் தொடங்கிய பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. கல்யாணப் பந்தல் பிரிக்கும் முன்பே அவனுக்கு விசா வந்தது, பிறகு அவளுக்கும் வந்தது. ஒரே நாட்டுக்குத்தானே என்று துள்ளிக் குதித்தார்கள். வந்து பார்த்தால் அவன் வடக்கே சோங்ஜூ பக்கம் காளான் பண்ணையில், இவள் தெற்கே இலைத் தோட்டத்தில். யாரை எங்கே அனுப்புவது என்பதை அரசாங்கத்தின் கணினி முடிவு செய்கிறது. கணினிக்குக் கல்யாணம் ஆகவில்லை.

இருவருக்கும் ஒரே நாளில் லீவு விழுந்தால் பாதி வழியில் தேகு நகரத்துப் பேருந்து நிலையத்தில் சந்திப்பார்கள். அவன் வடக்கிலிருந்து ஒரு பையில் காளான் கொண்டுவருவான், இவள் தெற்கிலிருந்து இலை கொண்டுவருவாள். சூடான மீன்வடைக் குழம்பை ஒரே கோப்பையில் வாங்கி ஊதி ஊதிக் குடிப்பார்கள். காசு போட்டால் முதுகு பிடித்துவிடும் நாற்காலி ஒன்று அங்கே உண்டு. அதில் மாறி மாறி உட்காருவார்கள். பிறகு பஸ் வந்துவிடும். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

அந்த வசந்த காலத்தில் விராக் போனில் மூச்சிரைக்கச் சொன்னான்: "எங்க பண்ணையில ஒரு பொம்பளையாள் ஊருக்குப் போறா. முதலாளிகிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன். கூட்டிட்டு வாங்கிறார். ஒண்ணா இருக்கலாம், சந்தூ."

ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒப்பந்தம் முடிய இன்னும் நிறைய நாள் கிடந்தது. பாதியில் விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போக வேண்டுமென்றால் பழைய முதலாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மாட்டேன் என்றால் இரண்டே வழி. ஊருக்கு விமானம் ஏறலாம், அல்லது ஓடி ஒளிந்து விசா இல்லாதவளாகத் திரியலாம். இரண்டிலும் விராக் கிடையாது. ஒக்சுன் அம்மாளின் ஒரு கையெழுத்தில்தான் சந்தூவின் குடும்பம் தொங்கியது.

கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் போவாள். கேட்பதற்குள் முதலாளியம்மா அவள் வாயில் எதையாவது திணித்துவிடுவாள். ஒரு நாள் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இன்னொரு நாள் உறைப்பாகப் பிசைந்த முள்ளங்கி, "உப்பு போதுமா பாரு" என்று. வாய் நிறைய முள்ளங்கியை வைத்துக்கொண்டு உங்களை விட்டுப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? கெட்ட முதலாளியாக வாய்த்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது போயிருக்கலாம் என்று சந்தூவுக்கு எரிச்சலாக வந்தது.

மாலிஸ் யோசனை சொன்னாள். "நீ நல்லா வேலை செய்யறவரைக்கும் அவங்க விடமாட்டாங்கக்கா. எங்க ஊர்க்காரி ஒருத்தி என்ன பண்ணா தெரியுமா? வேணும்னே வேலையைக் கெடுத்தா. பாத்திரத்தை உடைச்சா. முதலாளியே வெறுத்துப்போய் கையெழுத்துப் போட்டு வாசல்வரைக்கும் வந்து அனுப்பினாராம்."

மறுநாள் காலை சந்தூ மோசமான வேலைக்காரி ஆவது என்று முடிவெடுத்தாள். பாடவில்லை. ஆமை மாதிரி நகர்ந்தாள். பெரிய இலையையும் சின்ன இலையையும் கலந்து கட்டினாள். கட்டிய கையோடு விரல் துறுதுறுத்தது. யாரும் பார்க்காதபோது பிரித்து மறுபடி சரியாக அடுக்கினாள். அடுக்கிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டு கலைத்தாள். மதியத்துக்குள் நல்ல வேலை செய்யும் நாளைவிடக் களைத்துப் போனாள்.

முதலாளியம்மா வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், சந்தூவைப் பார்த்தாள். மாலிஸ் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள்.

"ஏன் பாட்டுச் சத்தமே காணோம்?" என்றாள் முதலாளியம்மா. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. உடம்புக்கு முடியலன்னா வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஊமைக்கோட்டான் மாதிரி நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த நிமிடம் சந்தூ முதலாளியம்மா வீட்டில், குளிருக்காக அடியிலிருந்து சூடேற்றும் தரையில் கிடந்தாள். பைன் பருப்பு அரைத்த கஞ்சி வந்தது. குடிக்கக் குடிக்க இன்னொரு கிண்ணம் வந்தது. அதோடு விட்டதா? "ஒரு பாட்டில் குளுகோஸ் ஏத்துனா எல்லாம் சரியாயிடும்" என்று லாரியில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அந்த ஊரில் தும்மினாலும் குளுகோஸ்தான்.

கையில் ஊசி ஏறியது. பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா திடீரென்று குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்: "ஏண்டி, முழுகாம இருக்கியா?"

சந்தூவுக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "புருஷனை பஸ் ஸ்டாண்டுலதாம்மா பாக்குறேன்! பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கிட்டா பிள்ளை உண்டாகுமா?"

நர்ஸ் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டாள். அடுத்த கட்டிலில் முழங்கால் வலியோடு கிடந்த பாட்டி ஒருத்தி திரைக்குப் பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தாள். ஒக்சுன் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஸ்டூல் கிரீச்சிடச் சிரித்தாள். சந்தூவும் சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. ஊசி குத்திய கையோடு எழுந்து ஓடவும் முடியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காளான் பண்ணை, காலி இடம், கையெழுத்து, காலையில் கலந்து கட்டிய இலைவரை எல்லாம்.

முதலாளியம்மாவின் சிரிப்பு நின்றது. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனவளுங்க எல்லாம் ஏதாவது பொய் சொல்லிட்டுப் போனாளுங்க. நான் ஆசை தீர வஞ்சேன். உனக்கு நல்ல காரணமா இருக்கு. அதான் எனக்கு ஆத்திரமா வருது" என்றாள். "கையெழுத்தெல்லாம் கிடையாது. இந்தத் தோட்டத்தை நான் தனியா என்ன பண்ணுவேன்?"

திரும்பி வந்து வீட்டு வாசலில் லாரியை விட்டு இறங்கும்போது, "மிச்சக் கஞ்சியைக் குடிச்சிட்டுப் போ" என்றாள்.

அடுத்த சில நாட்கள் முதலாளியம்மா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பாத்திரங்கள் பேசின. தட்டை வைக்கிற சத்தத்திலேயே அவள் மனநிலை தெரிந்தது. மதியச் சாப்பாடு எப்போதும் எல்லோரும் ஒரே மேஜையில்தான்: முதலாளியம்மா, அவள் புருஷன் குவாக், சந்தூ, மாலிஸ். குவாக் பேசாத மனிதர். டிராக்டரோடு பேசுவார், நாயோடு பேசுவார், மனைவியிடம் "ம்" என்பார். ஒரு நாள் சோயாக் குழம்பில் கரண்டியை வைத்துவிட்டு, அவரே வாயைத் திறந்தார்.

"நான் சவுதிக்கு எத்தனை வருஷம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனேன்?"

"இப்ப எதுக்குங்க அந்தப் பழைய கதை?"

"ரெண்டு வருஷம். முடிச்சேனா?"

குவாக் சந்தூவையும் மாலிஸையும் பார்த்துச் சொன்னார். "கல்யாணமான புதுசு. அப்பல்லாம் எங்க ஊர் ஆளுங்க பாலைவனத்துக்கு ரோடு போடப் போவோம். எனக்குக் கம்பி கட்டுற வேலை. கேம்ப்புல எல்லாரும் பொண்டாட்டி பேசி அனுப்புன கேசட்டைப் போட்டுக் கேப்பாங்க. இவளும் ஒண்ணு அனுப்பினா. எங்க அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க போல. மழை பெஞ்சுது, மாடு கன்னு போட்டுச்சு, முள்ளங்கி நல்ல விலைன்னு ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சா. கடைசியில மூக்கை உறிஞ்சுன சத்தம் மட்டும் கேட்டுச்சு. மறுநாளே மேஸ்திரிகிட்ட போய், என்னை அனுப்பிடுங்கன்னு நின்னேன்."

"சும்மா இருங்க. எனக்கு அன்னைக்கு ஜலதோஷம்" என்றாள் முதலாளியம்மா.

"விட்டாரா, ஐயா?" என்று மாலிஸ் கேட்டாள்.

"திட்டினாரு. பொட்டைன்னாரு. அப்புறம் விட்டாரு. அவருக்கும் ஊர்ல ஒரு பொண்டாட்டி இருந்தா இல்ல?"

முதலாளியம்மா கரண்டியை மேஜையில் குத்தினாள். "நீங்க பாதியில வந்ததுக்கு உங்க அம்மா யாரைத் திட்டுனாங்க? என்னை. போனதுக்கும் என்னைத்தான் திட்டுனாங்க. போகும்போது நான்தான் ஆசையா ஷூ வாங்கிக் குடுத்தேன்னு. ஷூ குடுத்துப் புருஷனைத் துரத்தினவள்னு ஊரெல்லாம் சொன்னாங்க. அதுலேர்ந்து ஒருத்தருக்கும் நான் சும்மா ஷூ குடுக்கறதில்ல."

"அந்த ரெண்டு பேருக்குக் குடுத்தியே?" என்றார் குவாக்.

"மறந்துபோய்க் குடுத்தேன். பட்டேன்!"

குவாக் மறுபடியும் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் குழம்பு குடித்துவிட்டு, நாயிடம் பேசுகிற சாவதானத்தோடு சொன்னார். "போனது அந்த ஷூவுலதான். திரும்பி வந்ததும் அந்த ஷூவுலதானே? வேற ஷூ வாங்க எனக்கு ஏது நேரம்?"

முதலாளியம்மா எழுந்து போய் அடுப்பில் ஒன்றும் இல்லாத பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கும் ஜலதோஷம் பிடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, காலையில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். "லாரில ஏறு" என்றாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கையெழுத்தைப் போடும்போது பேனா கிழித்துவிடும் போல அழுத்தினாள். அங்கிருந்த பையன் மரியாதையாகக் கேட்டான்: "விடுவிக்கிறதுக்கு என்ன காரணம்னு போடட்டும்மா?"

"பஸ் ஸ்டாண்டு ரொம்ப தூரம்னு போடு" என்றாள் முதலாளியம்மா.

அவன் விழித்தான். சந்தூ குனிந்து சிரித்தாள். கடைசியில் அவன் என்ன எழுதினானோ, முத்திரை விழுந்துவிட்டது.

புதுப் பெண் வந்து கை பழகும்வரை இருந்துவிட்டுப் போ என்று கேட்டார்கள், சந்தூ இருந்தாள். கிளம்பும் நாளன்று பேருந்து நிறுத்தத்துக்கு முதலாளியம்மாவே கொண்டுவந்து விட்டாள். பெட்டியை இறக்கிவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். உள்ளே வெள்ளை நிறத்தில் நடக்கிற ஷூ. ரப்பர் பூட்ஸ் இல்லை. கடைத்தெருவுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி நல்ல ஷூ.

பழக்கதோஷத்தில் சந்தூவின் கை பர்சுக்குள் போனது. நூறு வோன் நாணயத்தை எடுத்து நீட்டினாள்.

முதலாளியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "வேணாம்."

சந்தூவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நடுத்தெருவில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள். அத்தனை நாள் வாங்கிய சம்பளத்தைவிட அந்த வாங்காத காசு அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"ஏய், நிறுத்துடி. டிரைவர் நான் உன்னை அடிச்சேன்னு நினைப்பான்" என்றாள் முதலாளியம்மா. அவளும் மூக்கை உறிஞ்சினாள். "முட்டைக்கோஸ் ஊறுகாய் போடற நேரத்துக்கு வந்துடணும். ஆள் பத்தாது. அவனையும் கூட்டிட்டு வா, சும்மா உக்காந்து தின்ன விடமாட்டேன்."

காளான் பண்ணையில் புருஷனும் பெண்சாதியுமாக ஒரு அறை கிடைத்தது. முதல் வாரம் இருவருக்கும் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் சொல்லாத பேச்சு அவர்களுக்குப் பழக்கமில்லை. பிறகு சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள். விராக் குறட்டை விடுவான் என்பது சந்தூவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பேருந்து நிலையத்து நாற்காலியில் அவன் ஒருநாளும் தூங்கியதில்லையே.

நவம்பரில் குளிர் இறங்கியதும் ஒக்சுன் அம்மாள் வீட்டு முற்றத்தில் உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் மலையாகக் குவிந்தது. கைமுட்டிவரை சிவப்பு மசாலாவோடு உட்கார்ந்திருந்த மாலிஸ்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, வந்துட்டாங்க!"

முதலாளியம்மா முதலில் பார்த்தது வந்தவளின் காலை. வெள்ளை ஷூ, ஓரமெல்லாம் பண்ணைச் சேறு படிந்து பழுப்பேறியிருந்தது. பிறகுதான் பார்வை மேலே ஏறியது. சந்தூவின் கம்பளிக் கோட்டு முன்பக்கம் பொத்தான் போட முடியாமல் திறந்து கிடந்தது.

ஒக்சுன் அம்மாள் மசாலாக் கையோடு எழுந்து நின்றாள். "அடி கள்ளி" என்று கத்தினாள், தெருக்கோடிவரை கேட்கும்படி. "இது பஸ் ஸ்டாண்டுப் பிள்ளை இல்லையே!"

விராக் முகம் மசாலாவைவிடச் சிவந்துபோனது. குவாக் பக்கத்திலிருந்த நாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். முதலாளியம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடினாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் உள்ளங்கையில் ஒரு ஜோடி குட்டி ஷூ இருந்தது, மஞ்சள் நிறத்தில்.

"நீ போன்ல சொன்னதை மாலிஸ் எங்கிட்ட உளறிட்டா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்று அவற்றைச் சந்தூவின் கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே விரித்து நீட்டினாள். முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டாள்.

"நூறு வோன் எடு" என்றாள்.